பொட்டும் பொட்டியும்

சென்ற மாதம் அடித்த காற்றில் எங்கள் பின்வளவு வேலிப் பலகை ஒன்று விழுந்துவிட்டது. லண்டன் நோர்பரியில் எங்கள் தெரு வீடுகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மரப்பலகை வேலி. அந்தப் பக்கம் கீத் என்ற வெள்ளைக்காரர் இருக்கிறார், மனைவி இறந்த பிறகு தனியாக. பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் ஒரு “மோர்னிங்”கும், எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது என்ற விசாரிப்பும் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. பலகை விழுந்த காலையில் மணியடித்து, தன் நாய் என்னைக் கடித்துவிட்டதைப்போல மன்னிப்புக் கேட்டார். “பரவாயில்லை, அப்படியே விடுங்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. நான் குத்திக் கதைக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். “சனிக்கிழமைக்குள் போட்டுவிடுகிறேன், நிச்சயமாக” என்று சொல்லிவிட்டு விறுவிறென்று போய்விட்டார். நீதிமன்றங்களில் தமிழை ஆங்கிலமாக்கிச் சோறு தின்கிற எனக்கே இந்தக் கதி.

வேலியில் விழுந்த அந்த இடைவெளிக்கு எங்கள் ஊரில் பொட்டு என்று பெயர். யாழ்ப்பாணத்தார் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நெற்றியில் வைக்கிற பொட்டு அல்ல இது. இரண்டு வளவுகளுக்கு நடுவே உள்ள வேலியில் ஓர் ஆள் குனிந்து போய்வருகிற அளவுக்கு விட்டிருக்கும் வழி. கறிவேப்பிலையும் ஊர்வம்பும் அதற்குள்ளால்தான் போய்வரும். எங்கள் வீட்டுப் பொட்டு மட்டும் அடைபட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டு நடராசருக்கும் அப்பாவுக்கும் எல்லைச் சண்டை, ஒரு முழ நிலத்துக்கு வழக்கு. நடராசர் நீதிமன்றத்தில் கிளாக்காக இருந்தவர், அரசாங்கச் சம்பளக்காரர். பொட்டை முள்ளுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு காலை இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தது. இளம் பெடியன்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். அண்ணாவுக்குப் பதினேழு வயது. அம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் செய்வதறியாமல் நிற்க, வேலிக்கு அந்தப் பக்கம் கம்பி அறுபடும் சத்தம் கேட்டது. நடராசரின் தலை தெரிந்தது. “என்னடா விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறாய், வா இங்கால!” என்றார். அண்ணா அந்தப் பொட்டுக்குள்ளால் போய், அடுத்த வீட்டுப் பொட்டு, அதற்கடுத்த பொட்டு என்று ஊரையே கடந்துவிட்டான். இன்று கனடாவில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். தேடி வந்த சிப்பாய் ஒருவன் நடராசரின் கன்னத்தில் அறைந்தது எங்கள் முற்றம்வரை கேட்டது. வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. அடுத்த தவணைக்கு அவரும் அப்பாவும் ஒரே பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கீத் வந்து போன அன்று மாலை, கவுன்சிலில் வேலை செய்கிற மகள் மதுரா இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு வந்து உட்கார்ந்து ஒரு செய்தியை வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவில் ஒரு நீதிபதி. தன் முன்னால் வழக்குக்கு வந்த ஒருவரைப் பிடிக்கக் குடிவரவு அதிகாரிகள் வெளியே காத்து நிற்கிறார்கள் என்று தெரிந்து, அந்த மனிதரை வேறு கதவால் அனுப்பியிருக்கிறார். அதிகாரிகளின் கடமைக்கு இடையூறு செய்ததாக வழக்கு வந்து, குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கிறது.

“ஜட்ஜே லோவை பிறேக் பண்ணினா மற்ற ஆக்கள் என்னம்மா செய்யிறது?” என்றாள்.

“ஓம்” என்றேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நீதிபதி செய்தது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டேன். மதுரா பார்த்துவிட்டாள்.

“என்னம்மா, ஏலாமக் கிடக்கே?”

“ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு.”

எனக்கு வந்த நினைவு நேசனுடையது. அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. ஏழெட்டு வருடங்களுக்கு முன், அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களின் மேன்முறையீடு கேட்கும் தீர்ப்பாயம் ஒன்றில் அவருக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மெலிந்த மனிதர், முப்பது வயது இருக்கும். யாரோ கொடுத்த கோட்டு தோளில் இருந்து வழிந்துகொண்டிருந்தது. ஊரில் அவரைப் பிடிக்க ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டார்கள். “பக்கத்து வீட்டுப் பொட்டுக்குள்ளால போயிட்டன்” என்றார். வேலியில் இருந்த இடைவெளியால் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டேன் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல் சொல்லாகச் சரியான மொழிபெயர்ப்பு.

அரச தரப்பு அதிகாரி கடதாசிகளைப் புரட்டினார். “முதல் நேர்காணலில் பக்கத்து வீட்டில் ஒரு பெட்டிக்குள் போனதாகச் சொன்னீர்கள். இன்று வேலி என்கிறீர்கள். பெட்டியா, வேலியா?”

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அந்த நேர்காணலுக்கு மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்திருக்க வேண்டும். அங்கே பேச்சில் பெட்டியைப் பொட்டி என்பார்கள். நேசன் “பொட்டுக்குள்ளால” என்றது அவருடைய காதில் “பொட்டிக்குள்ள” என்று விழுந்திருக்கிறது. பாவம், அவரையும் குறைசொல்ல முடியாது. வேலியில் பொட்டு இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆனால் அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நேசனும் நானும் மட்டுந்தான். அவருக்கோ தன்னுடைய சொல் ஆங்கிலத்தில் என்னவாகப் போனது என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்.

நேசன் நீதிபதியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, “அக்கா, நான் அண்டைக்கும் பொட்டு எண்டுதானே சொன்னனான். நீங்களாவது இவையளுக்குச் சொல்லுங்கோ” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் தன் முன்னால் பேசப்படும் எல்லாவற்றையும், பேசியவரின் இடத்தில் நின்று, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். “அக்கா, நான் அன்றும் இடைவெளி என்றுதானே சொன்னேன், நீங்களாவது இவர்களுக்குச் சொல்லுங்கள்” என்று எனக்கே விடுத்த வேண்டுகோளை, குரல் ஏறாமல் இறங்காமல், ஆங்கிலத்தில் சொன்னேன். பொட்டு என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தால் என்ன அது என்று யாராவது கேட்டிருப்பார்கள். இடைவெளி என்று அதையும் அழகாக மொழிபெயர்த்துவிட்டேன். நீதிபதி, மொழிபெயர்ப்பாளரோடு பேசாமல் தீர்ப்பாயத்தோடு பேசும்படி அவரிடம் சொல்லச் சொன்னார். அதையும் தமிழில் சொன்னேன். நேசன் தலையைக் குனிந்துகொண்டு “சொறி, மன்னிக்கோணும்” என்றார்.

கையை உயர்த்தியிருக்கலாம். என்னுடைய மொழிபெயர்ப்பில் ஐயம் இருந்தால் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. இன்னொருவருடைய மொழிபெயர்ப்பைப் பற்றி வாய் திறந்தால் நான் சாட்சியாகிவிடுவேன், அது கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் என்னைத் தடுத்தது என்று நீண்ட நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பயந்துபோய் இருந்தேன். அதற்கு முந்தைய மாதம்தான் வேறொரு வழக்கில் மாமா என்றால் தாயின் சகோதரனா, மனைவியின் தகப்பனா என்று யாரும் கேட்காமலே விளக்கப்போய், எனக்கு வேலை தரும் ஏஜென்சியிடம் இருந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். நேசனின் மேன்முறையீடு தோற்றது. முக்கியமான இடத்தில் கதையை மாற்றுகிறவர், நம்ப முடியாதவர் என்று தீர்ப்பு.

அத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை மனதை ஆற்றியிருப்பேன். சில மாதம் கழித்து ஈஸ்ட் ஹாமில் பஸ் தரிப்பில் மரக்கறிப் பையோடு நிற்கிறேன், பின்னால் “அக்கா” என்று குரல். அதே கோட்டு. இரண்டு கிழமைக்கு ஒரு முறை குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போகிறாராம். அன்றும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்.

“நீங்கள் வடிவா மொழிபெயர்த்தியள் அக்கா. பிழை என்ரைதான். நான் என்னத்தையோ மாறிச் சொல்லிப்போட்டன் போல. எவ்வளவு யோசிச்சும் பிடிபடுதில்லை.”

நேர்காணல்களுக்கு ஒலிப்பதிவு இருக்கும். அதை ஒரு யாழ்ப்பாணத் தமிழரைக் கொண்டு கேட்கச் சொல்லுங்கள் உங்கள் லோயரிடம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பஸ் வந்து நிற்கும் நேரத்துக்குள் சொல்லிவிடலாம். எனக்கு முன்னால் நீதிபதி இல்லை, சுற்றிவர நின்றவர்களில் யாருக்காவது தமிழ் விளங்கினாலும் அவர்கள் எங்களைக் கவனிக்கவில்லை. ஆனால் வழக்கில் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பதும் ஒழுங்கு. நான், “எல்லாம் சரிவரும் தம்பி, கடவுள் இருக்கிறார்” என்றேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டி, என் பையைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு, கையைக் காட்டினார். அடுத்தடுத்த தவணைகளில் ஒன்றில் கையெழுத்து வைக்கப் போன இடத்திலேயே பிடித்து வைத்து, பிறகு விமானம் ஏற்றிவிட்டார்கள் என்று அவரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர் பின்னொரு நாள் சொன்னார். அங்கே இறங்கிய பிறகு என்னவானார் என்று அவருக்கும் தெரியவில்லை.

கதவைக் காட்டிய அந்த அமெரிக்க நீதிபதி இன்று குற்றவாளி. நான் இன்றுவரை ஒரு பிழையும் இல்லாத மொழிபெயர்ப்பாளர், அந்த மாமாவைத் தவிர. நடராசரும் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே இருந்தவர்தான். முள்ளுக்கம்பியைக் கட்டியதும் அவர், வெட்டியதும் அவர். குறிப்பெடுக்கும் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். வெட்கமாக இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டத்தை மதித்தேன் என்று இங்கே சொல்லலாம். ஊரில் இதை யாரிடமும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை, சொன்னபடியே கீத் புதுப் பலகையோடு வந்தார். அந்த ஐந்து நாளும் யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய கிழட்டு நாய் மட்டும் இரண்டு தரம் வந்து, எங்கள் வெந்தயச் செடியை முகர்ந்துவிட்டுப் போயிற்று. அதற்குள்ளால் குனிந்து போய், ஒரு தட்டில் வடையாவது கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் நினைத்தேன், போகவில்லை.

“இதற்கு எங்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது” என்று இடைவெளியைக் காட்டி அவரிடம் சொன்னேன். “பொட்டு.”

“பொட்டோ?” என்றார். ஆங்கிலத்தில் ‘பொட்’ என்கிற பூஞ்சாடியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, சுவரோரம் இருந்த சாடி ஒன்றைத் தூக்கி அப்பால் வைத்து, “சொறி, இடைஞ்சலாக இருந்திருக்கும்” என்றார். இல்லை, அது வேறு, என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பலகையை நிமிர்த்திவிட்டார். தனி ஆளாக அதைப் பிடித்துக்கொண்டு ஆணி அடிக்க அவரால் முடியவில்லை. உங்கள் பக்கத்தில் இருந்து கொஞ்சம் தாங்கிப் பிடிப்பீர்களா என்று கேட்டார்.

“ஓம்” என்றேன், தமிழில். கடைசி ஆணி இறங்கும்வரை பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.