தறி நின்ற வாரம்

இளம்பிள்ளையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஆர்டர் இல்லாததால் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தது இங்கே கேட்டது.

எனக்கு ஏழு வயதிருக்கும்போதும் சேலை விற்காமல் இப்படித்தான் தறிகள் நின்றன. தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகிய அம்மா, "அரிசி தீந்து போச்சுங்க" என்று அப்பாவிடம் சொன்னது தெருவுக்கே கேட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு மணியக்கா ஒரு படி அரிசியோடு வந்து நின்றார். அவர்கள் தறியும் நின்றுதான் கிடந்தது.

"எங்கூட்ல இருக்குதுங்கக்கா, வாங்கிக்கங்க."

அம்மா தலைநிமிராமல் வாங்கிக்கொண்டார்.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அம்மா குரலை உயர்த்தவே இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றால்கூட அருகில் வந்து எங்கள் தோளைத் தொடுவார்.