ஜெயபாரதியின் பில் எண் ஒன்று

ஜெயபாரதிக்கு உட்கார வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "ஒனக்குக் கால்ல சக்கரம் கட்டித்தான் அனுப்பியிருக்கான் ஆண்டவன்" என்பார் அப்பா சுயம்புலிங்கம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. திசையன்விளைப் பக்கமிருந்து வந்து, தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் புடவை பிரித்துப் போட்டு மடித்து வைக்கிற மனுஷன். அந்தக் கை மகளுக்கும் வந்திருந்தது. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பட்டாவின் நுனியை ஒரே அளவில் கொசுவி, நீவி, பிரித்து, மறுபடி கொசுவிக்கொண்டிருப்பாள்.

நந்தனம் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தாள். அங்கே மாணவர் வணிக மன்றம் ஒன்று உண்டு, பிள்ளைகள் வாயில் அது 'பிஸ் கிளப்'. மூன்று வருஷமாக அதன் இணைச் செயலாளர் அவள்தான். இணைச் செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலி போடுவது, பேச வருகிறவருக்கு மோர் வாங்கி வருவது, வருஷக் கடைசியில் ஆண்டறிக்கைக்கு 'உறுப்பினர் சாதனைகள்' என்ற பக்கத்தை எழுதுவது, இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வரி. இன்னார் மாநிலப் போட்டியில் இரண்டாம் பரிசு, இன்னார் சோப்புக்கு அடையாறில் மூன்று கடை, இப்படி.

அந்தப் பக்கத்தில் இடம்பிடிக்க மன்றம் வைத்திருந்த விதி சின்னதுதான். உறுப்பினர் அல்லாத வெளியாள் ஒருவருக்குச் சொந்தப் பெயரில் ஒரு பில்லாவது போட்டிருக்க வேண்டும். ஜெயபாரதி இரண்டு வருஷம் அந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறாள். அவள் பெயர் அதில் வந்ததில்லை.

தொழில் தெரியாமல் இல்லை. புடவைக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து, முந்தானை மடிப்பெடுத்து, அயர்ன் செய்து, பின் குத்திப் பெட்டியில் போட்டுத் தருவாள். இடுப்பில் செருகித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. கல்யாண வீடுகளில் இதற்கு இப்போது ஏகக் கிராக்கி. ஆனால் வகுப்புத் தோழிகள் அத்தனை பேருக்கும் சும்மாவே மடித்துக் கொடுத்துவிட்டாள். சிநேகிதிக்குப் பில் போட முடியுமா?

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அவள் கைராசிக்காரி.

முதல் வருஷச் சந்தையில் சைஃப் என்ற திருவல்லிக்கேணிப் பையன் மசாலா டீத்தூள் வைத்திருந்தான். மதியம் வரை ஈ ஓட்டினான். பாவம் பார்த்து ஜெயபாரதி ஒரு பாக்கெட் வாங்கினாள். சாயங்காலத்துக்குள் டப்பா காலி. மறு மாதமே மாநிலப் போட்டியில் பரிசு. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். யார் கடை போட்டாலும் முதல் போணி ஜெயபாரதி கையால்தான். மேலாண்மைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள், சந்தை ஆய்வு, இலக்கு வாடிக்கையாளர் என்று வாய் கிழியப் பேசுகிற பிள்ளைகள், ஜெயா வந்து பத்து ரூபாய்க்காவது வாங்காமல் டப்பா மூடியைத் திறக்க மாட்டார்கள்.

அவளுக்கும் அது முதலில் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? போன மாதம் ஒரு கம்பெனி நேர்முகத்தில் கேட்டார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் சுருக்கென்றது. "எல்லாத்துக்கும் 'நாங்க' 'நாங்க'ன்னு சொல்றீங்களே, நீங்க என்ன பண்ணீங்க?" இவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வேலையும் வரவில்லை. அப்பா வேலை பார்க்கும் கடையிலோ, "அண்ணாச்சி, ஒங்க மவ பிசினஸ் படிக்குதாமே, என்ன பிசினஸு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே புடவை மடித்தார்.

இந்த வருஷச் சந்தை ஜூலை முப்பதாம் தேதி. ஆடி மாதமாகையால் தி.நகரில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது, சல்லிசாகக் கிடைத்தது. வெளியே ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும், அதில் பத்தில் ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்தால் போதும் என்பது மன்றத்தின் கணக்கு. ஆவணியில் புது நிர்வாகிகள் வந்துவிடுவார்கள். ஜெயபாரதிக்கு இதுதான் கடைசிச் சந்தை.

முதல் நாள் ராத்திரி மன்றத் தலைவன் ஸ்ரீநாத் ஆண்டறிக்கையின் கடைசிப் படியை அனுப்பியிருந்தான். மயிலாப்பூர்ப் பையன், நல்லவன், அழகாக எழுதுகிறோம் என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. சாதனைப் பக்கத்தின் அடியில் அவனே ஒரு வரி சேர்த்திருந்தான்: 'ஜெயபாரதி: மன்றத்தின் கைராசி. இருபத்து நான்கு உறுப்பினர்களுக்கு முதல் போணி செய்தவர்.'

அதைப் படித்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. உடனே போன் போட்டாள்.

"கைராசி ஒரு சாதனையா ஸ்ரீநாத்? எடுத்துடு அதை."

"எடுத்துட்டா உன் பேரே இருக்காதேடி. ரூல் தெரியுமோல்லியோ? ஒரு பில்லு காமி, மாத்திடறேன். நாளைக்கு நாலு மணிக்கு பிரஸ்ஸுக்குப் போயிடும்."

"காட்டறேன்."

காலையில் அயர்ன் பாக்ஸ், பின் டப்பா, அட்டைப் பெட்டிகள், புத்தம்புது பில் புத்தகம் சகிதம் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒதுக்கிய இருபத்தைந்தாம் நம்பர் மேஜை மண்டபத்தின் கடைக்கோடியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். கடைகளுக்கு இடம் ஒதுக்கியதே அவள்தான், நல்ல இடத்தையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். மேஜை மேல் துணியை மூடிவிட்டு, பிளக் பாயின்ட் தேடிக்கொண்டிருக்கும்போதே கூப்பாடு ஆரம்பித்துவிட்டது.

"ஜெயா, ஒரு நிமிஷம் கை வச்சுட்டுப் போடி!"

ஒரு நிமிஷம்தானே என்று போனாள். ஒரு மெழுகுவத்தி வாங்கினாள். அடுத்த மேஜையில் ஒரு சாவிக்கொத்து. அதற்கடுத்து முறுக்கு. ஒருத்தருக்குச் செய்துவிட்டு இன்னொருத்தருக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மேடைப் பக்கம் ஒரு வரிசை முடிந்து வாசல் பக்கம் திரும்பினாள். கையில் பை ரொம்பி வழிந்தது, மனசு இருபத்தைந்தாம் நம்பரில் கிடந்து அடித்துக்கொண்டது. மணி பன்னிரண்டரை.

மூச்சு வாங்கத் தன் மேஜைக்கு ஓடி வந்தாள். பக்கத்து மேஜையில் ஜூஸ் விற்ற அனுப்ரியா, "எங்கடி போய்த் தொலைஞ்சே? ரெண்டு பேர் புடவையோட வந்து நின்னாங்க. துணி மூடியிருக்கவும் போயிட்டாங்க" என்றாள்.

ஜெயபாரதி பையைத் தரையில் தொப்பென்று போட்டாள். முறுக்கு நொறுங்கியது. நொறுங்கட்டும். வாசல் வரை ஓடிப் பார்த்தாள். உஸ்மான் சாலை ஜனத்தில் எந்த இரண்டு பேரைத் தேடுவது? திரும்பி வந்து மேஜைத் துணியை உருவி எறிந்தாள். இனி அசைந்தால் ஏன் என்று கேள் என்று உட்கார்ந்தாள்.

சைஃப் வாசல் பக்க மேஜையிலிருந்து வந்து நின்றான்.

"இன்னா ஜெயா, என்னை மட்டும் உட்டுட்டே? டப்பா தொறக்காம குந்திகினு கீறேன். வா, ஒரு பாக்கெட்டு."

"வரலைடா."

"ஏய், வெளாடாதே. நீ தொடாம நான் தொறக்க மாட்டேன், தெரியும்ல?"

"மூடியே வச்சுக்கோ. இன்னைக்கு என் கை எனக்கு வேணும்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்கும் சங்கடந்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லையே தவிர, இருந்தாளா? மாதிரிப் புடவையை ஆறு தரம் மடித்தாள். அயர்ன் பாக்ஸைச் சூடு பார்த்தாள். பில் புத்தகத்தைத் திறந்து முதல் தாளின் 'எண்: 1' என்பதைத் தடவினாள், மூடினாள். மணி ஒன்று. இரண்டு. கை கழுவ வந்தவர்கள் கழுவிவிட்டுப் போனார்கள். ஒரு மாமி வந்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள். இரண்டே முக்கால். அழுதால் அனுப்ரியா பார்ப்பாள் என்று குனிந்து பின்களை எண்ணினாள்.

மூன்று மணிக்கு மேல் ஒரு அம்மாள் வந்து நின்றார். அறுபதைத் தொடுகிற வயசு, தோளில் ஆபீஸ் பை, கையில் கடைப் பை.

"இங்க புடவை மடிச்சுத் தர்றாங்கன்னு வாசல்ல எழுதியிருந்துது. நீதானா?"

"நான்தாங்க! உட்காருங்க, உட்காருங்க!"

பெயர் சௌந்தரவல்லி என்றார். தபால் ஆபீஸில் வேலை, மறுநாள் ஓய்வு. பிரிவுபசாரத்துக்கு மாம்பழக் கலரில் ஒரு பட்டு எடுத்திருக்கிறார். வலது தோள் இறுகிப்போய் ஒரு வருஷமாகிறது. கையைத் தூக்கி முந்தானை மடிக்க முடியாது.

"அதனாலதான் ஒரு வருஷமா மடிப்பே வேணாத பூனம் புடவையா சுத்திக்கினு போறேன். நாளைக்கு ஒரு நாளாவது நல்லா கட்டிக்கணும்னு ஆசைம்மா."

ஜெயபாரதிக்கு அதற்கப்புறம் மண்டபமும் தெரியவில்லை, மணியும் தெரியவில்லை. இடுப்பளவு பார்த்தாள், உயரம் பார்த்தாள். கொசுவம் எட்டு வைத்தாள். தோளில் குத்தும் பின்னை அந்த அம்மாள் இடது கையால் எட்டிப் போடுகிற மாதிரி கொஞ்சம் முன்னால் இறக்கி வைத்தாள். பட்டின் மேல் மெல்லிய துணி போட்டு அயர்ன் பாக்ஸை ஓட்டினாள். பெட்டியில் வைத்து நிமிர்ந்தபோது மணி மூன்று நாற்பது.

"நூத்தம்பது ரூபாங்க" என்று பில் புத்தகத்தைத் திறந்தாள்.

சௌந்தரவல்லி பணத்தை எடுத்து நீட்டியவர், பில்லைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணாம் நம்பரா? அப்ப இதுதான் உனக்கு முதல் போணியா?"

"ஆமாங்க."

"ஐயையோ, வேணாம்மா. முன்னாடியே சொல்லக் கூடாதா? என் கையால போணி வாங்காதே. அவர் போய் ஒம்பது வருஷம் ஆவுது. எங்க தெருவுல காய்க்காரன்கூட என்கிட்ட முதல்ல காசு வாங்க மாட்டான். நான் இப்படி ஓரமா உட்கார்றேன், வேற யாராச்சும் வாங்கட்டும். அப்புறம் தர்றேன்."

நிஜமாகவே பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, தொட்டியோரம் இருந்த நாற்காலிக்குப் போய்விட்டார். ஜெயபாரதி மலைத்துப்போய் நின்றாள். இருபது நிமிஷத்தில் இன்னொரு ஆள் எங்கிருந்து வருவான்? ஆனால் அவள் மலைத்தது அதனால் இல்லை. காய்க்காரன் விஷயத்தை அந்த அம்மாள் மழை வருகிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாரே, அதனால். இவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே கணக்குத்தான் அந்த அம்மாளை ஓரமாக உட்கார வைத்திருந்தது.

விறுவிறுவென்று நாற்காலிக்குப் போனாள்.

"அம்மா, நான் இந்த கிளப்புல கைராசிக்காரி. இருபத்தி நாலு பேருக்குப் போணி பண்ணியிருக்கேன். இன்னைக்குப் புக்குல அச்சடிக்கப் போறாங்க."

"பார்த்தியா, நீ புண்ணியம் பண்ணவ."

"முழுசாக் கேளுங்க. அதுல பதினோரு பேர் கடையை மூடிட்டாங்க. வெங்கடேஷ்னு ஒருத்தன் சாக்லேட் வித்தான், மே மாசத்துல அத்தனையும் உருகி ஓடிடுச்சு. ஷண்முகப்ரியாவோட செடியெல்லாம் ஒரே வாரத்துல காஞ்சுது. எல்லாம் என் கையால ஆரம்பிச்சதுதான். அந்தப் பக்கத்தை எழுதறவ நான்தானே, மூடினவங்க பேரையெல்லாம் விட்டுட்டேன். அதனாலதான் என் கை ராசியான கை. இல்லைன்னா சாதாரணக் கைதாம்மா."

மூன்று வருஷமாக யாரிடமும் அவள் சொல்லாத விஷயம் இது. சொன்னதும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. சௌந்தரவல்லி அவளையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பதினோரு பேரையா மூட வச்சே?"

"பதினொண்ணு. கொடுங்க காசை."

அவர் பணத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். பில்லில் திருமதி சௌந்தரவல்லி என்று கொட்டை எழுத்தில் எழுதி, போட்டோ எடுத்து ஸ்ரீநாத்துக்கு அனுப்பினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு. அவனே போன் செய்தான்.

"கலக்கிட்டே போ. 'புடவை மடிப்புத் தொழில், பில் எண் ஒன்று'ன்னு போட்டுடறேன். அந்தக் கைராசி லைனும் இருக்கட்டுமே, நன்னாத்தானே இருக்கு?"

"எடுத்துடு ஸ்ரீநாத். அது பொய்."

போனை வைத்தவளுக்கு வாசல் பக்கம் கண் போயிற்று. சைஃப் மூடிய டப்பாவின் மேல் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். மடையன், நிஜமாகவே காலையிலிருந்து திறக்கவில்லை. டீத்தூளை மூடியே வைத்திருந்தால் வாசம் எப்படி வரும், ஆள் எப்படி வரும்?

"அம்மா, டீ குடிப்பீங்களா?"

"ஏன்?"

"போற வழியில அந்தப் பையன்கிட்ட ஒரு பாக்கெட் வாங்கிட்டுப் போங்க. இன்னும் போணி ஆகலை அவனுக்கு."

சௌந்தரவல்லி தயங்கினார். "அவன்கிட்ட சொல்ல வேணாமா, நான் இந்த மாதிரின்னு?"

"என்ன சொல்லணும்? டீத்தூள் வேணும்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் பெட்டியை இடுக்கிக்கொண்டு மெதுவாக நடந்தார். சைஃப் நிமிர்ந்து பார்த்தான், இருபத்தைந்தாம் நம்பரைப் பார்த்தான், ஜெயபாரதி வருவதாக இல்லை என்று தெரிந்தது. மணி நாலாகிவிட்டது, இனி காத்திருந்து என்ன என்று நினைத்தானோ என்னவோ, மூடியைத் திறந்தான். நோட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். சௌந்தரவல்லி அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஏலமும் இஞ்சியும் கலந்த வாசம் வாசல் வரை போனது. தள்ளுபடிப் பைகளோடு போய்க்கொண்டிருந்த நாலு பெண்கள் உள்ளே திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். சைஃபுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மேஜைக்குப் பின்னாலிருந்து மண்டபமே கேட்கக் கத்தினான்.

"ஜெயா! உன் கையெல்லாம் வேஸ்ட்டு! இந்தம்மா கை இன்னா ராசி பாரு! யாரு இவங்க?"

சௌந்தரவல்லி திரும்பி அவளைப் பார்த்தார். ஜெயபாரதி பில் புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள்.

"என் கஸ்டமர்டா!"