அடியாளின் சட்டை

2005-ல் ஒரு கிரைம் படத்துக்கு உடை உதவியாளனாக மரக்காணம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். அங்கே காவலுக்கு இருந்தவர் ஒல்லியான மனிதர். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து, நிழலிலும் கண்ணைச் சுருக்கியே பேசுவார். அந்தப் பக்கம் எடுத்த கிரைம் படங்களில் நடிகர்கள் போட்ட சட்டைகளைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் தகரப்பெட்டியில் சேர்த்துவைத்திருந்தார்.

கடைசி நாள், முதல் குண்டிலேயே செத்துவிழும் அடியாளின் சட்டையைக் கேட்டார்.

“ஹீரோவோட பழைய கோட்டு ஒண்ணு இருக்குதுங்க. அத எடுத்துக்கோங்க” என்றேன்.

“ஹீரோவ ஊரே ஞாபகம் வெச்சிக்கும் சார். இவரு ஒரு வசனம்கூட பேசாம செத்துட்டாரு. இவர யாரு வெச்சிக்குவாங்க?”

துணி குறைந்தால் என் வேலைக்கே ஆபத்து. ஆனாலும் கொடுத்துவிட்டேன். அவர் நடிகர்கள் கிளம்பவிருந்த வேன்வரை நடந்துபோய், அடியாளாக நடித்த துணை நடிகரிடம் பெயர் கேட்டு, துண்டுச்சீட்டில் எழுதி அந்தச் சட்டையில் குத்திவைத்தார். நான் மேனேஜரிடம் சட்டை காற்றில் போய்விட்டது என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

மறு வருடம் படம் வந்தது. அடியாள் சாகும் காட்சியையே வெட்டியிருந்தார்கள். அந்த நடிகரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. மரக்காணத்தில் ஒருவருக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொண்டே தியேட்டரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.