அம்மாவுக்குச் சேரவேண்டிய குதிரைக்குட்டி

எங்கள் அம்மா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. ஆராதனை முடிந்ததும் உங்கள் கையில் கொடுப்பதற்காக இந்தச் சிறு நினைவு மலரை அச்சிடுகிறோம். எழுதும் பொறுப்பை மூத்த மகளாகிய என்னிடம் விட்டார்கள். விட்ட கையோடு, என்ன எழுதவேண்டும் என்றும் ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். "பொறுமையே உருவானவர் என்று எழுது" என்றார் ஒருவர். "யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர் என்று போடு" என்றார் இன்னொருவர். அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. கோபம் உண்டு; அதற்குக் காரணமும் உண்டு. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு அம்மாவின் வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், பெரிய பஞ்சம் முடிந்து சில வருஷங்கள் கழித்து. நடக்கத் தெரிந்த வயதில் பெற்றோருடன் கம்பம் வழியாக மலையேறி ஏலப்பாறைக்கு வந்தார்கள். மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். அம்மா கூடை கட்டிக் கொழுந்து பறிக்கப் போனார்கள். மாமா துரை பங்களாவில் வேலைக்கு நின்று, இங்கிலீஷ் பேசப் பழகி, பிற்பாடு கங்காணி ஆனார். யாருக்கு நாளைக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பது மாமாவின் வாயில் இருந்தது. இதைப் படிக்கிற பலருக்கு அது மறந்திருக்காது.

எங்கள் அப்பா அதே தோட்டத்தில் குதிரைக்காரர். யுத்தத்துக்கு முந்திய காலம் அது. துரை தன் சீமையிலிருந்து கப்பலில் ஒரு ஆண் குதிரையும் இரண்டு பெட்டைகளும் வரவழைத்தார். கிளைட்ஸ்டேல் என்பது அவற்றின் சாதிப் பெயர். ஜட்கா வண்டி இழுக்கிற மட்டக்குதிரையை மட்டுமே பார்த்த நம்மவர்கள் அவற்றைக் கண்டு ஓடிப்போய் லைன் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். செம்பழுப்பு உடம்பு, முகத்தில் அகலமாக வெள்ளை, முழங்காலுக்குக் கீழே குளம்பை மூடித் தொங்குகிற வெள்ளை மயிர். ஒவ்வொரு குளம்பும் சோற்றுத் தட்டு அகலம். மரத்தடியையும் தேயிலைப் பெட்டி வண்டியையும் மலைப்பாதையில் இழுக்க மாடுகள் போதவில்லை. இந்தக் குதிரைகளை இங்கேயே ஈனவைத்துப் பெருக்கினால் மற்றத் தோட்டத்துத் துரைமாருக்கும் விற்கலாம் என்பது துரையின் யோசனை.

குதிரைகள் வந்த இரண்டாவது மழைக்காலத்தில் அப்பா மலைக்காய்ச்சலில் இறந்துபோனார்கள். அதே மழையில் ஒரு பெட்டை பாதையில் சறுக்கி விழுந்து பின்னங்காலை ஊன்றமுடியாமல் நின்றது. துரை துப்பாக்கியோடு வந்தார். தாலியறுத்துச் சில மாதம்கூட ஆகாத அம்மா, குதிரைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் நின்றார்கள்.

"சுடவேண்டாம்னு சொல்லுங்கண்ணே. இத நான் பாத்துக்கிடுதேன்."

மாமா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரையும் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமா அம்மாவிடம் என்ன சொன்னார் என்பது தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில், ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போது, அம்மாவைக் கூப்பிட்டு உரக்கச் சொன்னார்.

"ஏட்டி, கேட்டுக்கோ. தொரை பெட்டைய உனக்கு வாரத்துக்கு விட்டிருக்காரு. மொதக் குட்டி தொரைக்கு. ரெண்டாங்குட்டி உனக்கு."

ஆடுமாட்டை வாரத்துக்கு விடுவது நம் ஜனங்களுக்கு அன்றாட வழக்கம். உடையவர் பெட்டையைக் கொடுப்பார். வளர்ப்பவர் தீனி போட்டுப் பேறு பார்ப்பார். முதல் ஈற்று உடையவருக்கு, அடுத்த ஈற்று வளர்த்தவருக்கு. பத்திரம், கையெழுத்து என்று எதுவும் கிடையாது. நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லே போதும். அன்று முற்றத்தில் நின்றவர்கள் நாலு பேர் அல்ல. கோயிலே நின்றது.

அம்மா பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து அந்தக் குதிரையைப் பார்த்தார்கள். தவிட்டையும் வைக்கோலையும் சூடாக்கிக் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள். கொள்ளு அவித்துப் போட்டார்கள். அது எங்களுக்கு வாங்கவேண்டிய அரிசியின் காசு. மழை பெய்தால் அந்தக் கால்மயிருக்குள் அட்டைகள் புகுந்து மொய்த்துக்கொள்ளும். அம்மா புகையிலைத் தண்ணீரை ஊற்றி, மயிரை விரலால் பிரித்துப் பிரித்து அட்டையை எடுப்பார்கள். கால் ஆறிற்று. குதிரை நடந்தது.

சினைக்கு விடும் நாளில்தான் நம் சொந்தங்களின் லட்சணம் தெரிந்தது. மிரண்டு நின்ற பெட்டையைப் பிடிக்க வேறு யாராலும் முடியவில்லை. அம்மாதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் கழுத்தைத் தடவியபடி நின்றார்கள். அன்று மாலைக்குள் தோட்டம் முழுவதும் அதே பேச்சு. தாலியறுத்தவள் பொலிகுதிரைக்கு முன்னால் நிற்கலாமா, இதெல்லாம் ஒரு பொம்பிளை செய்கிற வேலையா என்று சிரித்தார்கள். அப்போது ஆராதனை நடத்திய உபதேசியார் ஒரு மாதத்துக்கு அம்மாவைத் திருவிருந்துக்கு வரவேண்டாம் என்றார். ஆண்குதிரையைக் கப்பலேற்றி வரவழைத்த துரைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டவரும் அவரே.

முதல் ஈற்று ஆண். பால் மறந்ததும் அம்மாவே கூட்டிக்கொண்டு போய்த் துரை லாயத்தில் கட்டிவிட்டு வந்தார்கள். பேச்சு அப்படி; அம்மா அதில் ஒரு சொல்கூட மாற்றிப் பேசவில்லை. இரண்டாவது ஈற்று பெட்டை. அதற்குப் பவுனு என்று பேர் வைத்தார்கள். எங்கள் லைன் வீட்டு வாசலில் வளர்ந்தது. அம்மாவின் குரல் கேட்டால்தான் தண்ணீர் குடிக்கும். பவுனு வளர்ந்தால் ஒரு வண்டி வாங்கலாம், கூலிக்குப் பாரம் ஏற்றலாம், கங்காணியின் வாயைப் பார்த்துக்கொண்டு விடியற்காலையில் நிற்கவேண்டியதில்லை. அம்மா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பவுனு இழுக்கும் பருவத்துக்கு வந்தபோது, பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் நெல் பண்ணை வைத்திருந்த வேறொரு துரைக்கு எங்கள் துரை குதிரைகளை விற்றார். ஆட்கள் வந்து பவுனுவின் கயிற்றையும் அவிழ்த்தார்கள். அம்மா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள்.

"இது எனக்குச் சேரவேண்டியது. அண்ணே, தொரைகிட்ட சொல்லுங்க. ரெண்டாங்குட்டி எனக்குன்னு நீங்கதான சொன்னிய?"

துரை மாமாவைப் பார்த்து ஏதோ கேட்டார். மாமா இங்கிலீஷில் பதில் சொன்னார். துரை தலையாட்டிக்கொண்டு, அம்மாவைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"என்ன சொன்னிய?"

"வளத்த பாசத்துல அழுதான்னு சொன்னேன். விடு தங்கச்சி. நான் எப்போ உனக்குக் குட்டி தாரேன்னேன்? பாத்துக்கோன்னுதான சொன்னேன்."

அம்மா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்கள். பெயர் சொல்லவில்லை, முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். "சித்தப்பா, நீங்க கேட்டிய. மதினி, நீ எம் பக்கத்துலதான நின்ன. சொல்லுங்க." எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மறுநாள் வேலைக்குப் பேர் போடுகிறவர் மாமா. துரைக்குத் தெரியாமல் துரையின் குட்டியை வாரம் பேசியது வெளியே வந்தால் மாமாவின் கங்காணி வேலை போய்விடும். தங்கச்சியின் குதிரையா, தன் கங்காணிப் பிரம்பா என்று பார்த்து, அவர் பிரம்பை எடுத்துக்கொண்டார். நீங்கள் உங்கள் கூலியை எடுத்துக்கொண்டீர்கள். பயந்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்து "பாவம்" என்றீர்களே, அதை என்னால் பொறுக்கமுடியவில்லை.

பவுனு அந்த ஆட்களோடு போகவில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அடித்தார்கள். முகத்தில், காதடியில், வயிற்றில் அடித்தார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா வந்து, "நீ கொண்டுபோய் விட்டா அடி படாதுல்லா?" என்றார். இதைவிடக் கொடுமையான ஒரு பேச்சை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

அம்மா எழுந்துபோய்க் கயிற்றை வாங்கினார்கள். தன் குட்டியைத் தானே கூட்டிக்கொண்டு ஏலப்பாறையிலிருந்து குமுளிக்கு நடந்தார்கள். குமுளியிலிருந்து மலை இறங்கிக் கம்பம் பக்கத்துக் கூடலூர் வரை நடந்தார்கள். நானும் உடன் நடந்தேன். வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே வந்தார்கள். கூடலூரில் கயிற்றை அந்த ஆட்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பவுனு கத்தியது வெகு தூரம் கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு மாமா பேர் போடுகிற இடத்தில் போய் நிற்க அம்மா சம்மதிக்கவில்லை. சக்குபள்ளத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்து ஏலக்காட்டில் வேலை பார்த்து எங்களை வளர்த்தார்கள். என்னைப் பள்ளிக்கூட உபாத்தினி ஆக்கினார்கள். கோபம் மட்டும் போகவில்லை. ஒருமுறை ஏலக்காய் வாங்க வந்த சித்தூர்க்காரர் ஒருவர் அம்மாவைத் தேடிவந்து, "ஏனுங்க அக்கா, உங்க குதிரை எங்கூர்ப் பண்ணையிலதானுங்க இருக்குது. நல்லா இருக்குதுங்க. ரெண்டு ஈத்து ஆயிப்போச்சுங்க" என்றார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து, "மழையில காலுமயிரப் பிரிச்சுப் பாக்காங்களான்னு கேளுங்க" என்றார்கள். அவர் போனபிறகு எங்கள் எல்லாருக்கும் ஏச்சு விழுந்தது. அடுப்பு அணைந்ததற்கும் ஏச்சு, அணையாததற்கும் ஏச்சு. ராணியாக வாழவேண்டியவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வண்டிக்கு உடையவராக வாழ்ந்திருக்கவேண்டியவர்கள்.

மோட்டார் லாரி வந்து குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாமாவின் கங்காணி வேலையும் போயிற்று. போன வருஷம் அம்மா நெஞ்சுச்சளியில் படுத்தபோது, மாமா இப்போதைய உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உபதேசியார் நல்லவர். குனிந்து, "அம்மா, அண்ணனை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

"அவரு கேக்கட்டும் ஐயா. கேட்டா குடுத்திருதேன்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா, "நடந்தது நடந்துபோச்சு. இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ கொஞ்சம் வெளிய போ" என்பார்கள். மற்றவர் முன்னால் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவர்கள் அவருடைய கூச்சத்தைப் பார்த்தார்கள். நான் திரும்ப உள்ளே வரும்போது மாமா மழையைப்பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அம்மா என் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையசைப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவின் மூச்சு நின்றது.

அம்மாவைச் சக்குபள்ளத்தில் சேர்த்துக்கொண்டு வீடு கொடுத்த சித்தி குடும்பத்தாருக்கும், மருந்துக்குக் குமுளிக்கு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், குதிரையின் சேதி கொண்டுவந்த சித்தூர்க்காரருக்கும், பெட்டி செய்ததற்குக் கூலி வாங்க மறுத்த ஆசாரிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கல்லறைக்கு வந்து நின்ற எல்லாருக்கும் நன்றி. கோயில் முற்றத்தில் அன்று கேட்டுவிட்டு, பின்னால் தரையைப் பார்த்தவர்களும் வந்தீர்கள். வந்ததற்கு நன்றி.

கல்லறையருகில் மாமா மண்ணள்ளிப் போடும்போது, "என் தங்கச்சி என்னை மன்னிச்சு அனுப்பிட்டா" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். பலர் அழுதீர்கள். அது நடக்கவில்லை. மாமா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். அம்மா அந்த மன்னிப்பைக் கொடுப்பதற்காகவே அத்தனை நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. இனி என்னிடம் வந்து கேட்காதீர்கள். அம்மா கொடுக்கவேண்டிய அந்தச் சொல்லை என்னிடம் விட்டுவிட்டுப் போகவில்லை.