கண்டும் காணாமல்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் மம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எனக்குக் கிடைத்த வேலை, பெண்களைச் சோதிப்பது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. பால் வெட்டப் போகிறவர்கள் விடிவதற்குள் கேட்டில் வரிசை நிற்பார்கள். சாக்குத் திரைக்குப் பின்னால் ஒவ்வொருத்தியின் மடியையும் வாளியையும் நான் தடவிப் பார்க்க வேண்டும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம். அதனால் ஒரு பருக்கைச் சோறுகூட வேலியைத் தாண்டக்கூடாது. அகப்பட்டால் ஜெயில்.

ஒருநாள் துரை கேட்டுக்கே வந்து இங்கிலீஷில் கத்தினார். 'டேர்ன் எ பிளைண்ட் ஐ' என்பது மட்டும் மூன்று தரம் காதில் விழுந்தது. குருட்டுக் கண்ணைத் திருப்புவதாம். கணக்கெழுதும் கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "யாரும் கண்டும் காணாத மாதிரி இருக்கக்கூடாதுன்னு தொரை சொல்றாரு." துரை போனதும் குரலைத் தாழ்த்தி, "கிளப்புல ஒரு தொரை குடிச்சிட்டு காரோட்டுனா மத்த தொரைங்க செய்யிறது அதுதான் லா" என்றார்.

மறுநாளே பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் சோற்றுப் பொட்டலம் தட்டுப்பட்டது. ஏழு மாசக்காரி.

"பசி தாங்க முடியலக்கா. மரத்தடியில மயக்கம் வருது."

போ என்று தள்ளிவிட்டேன். இரண்டாம் நாளும் விட்டேன். ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. அவள் வயிற்றுக்குத்தான் போகிறதா, காட்டுக்கா? கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. வீட்டில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் பொட்டலம் சற்றுப் பெரிதாகப் பட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குத்தான்னா இங்கயே தின்னு, புள்ள. நான் பாக்கணும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அள்ளி அள்ளித் தின்றாள். அந்த வேகத்தைப் பார்த்ததுமே எனக்கு வெட்கமாகிவிட்டது. திரைக்கு வெளியே கான்ஸ்டபிள் "லெக்காஸ், லெக்காஸ்" என்று அவசரப்படுத்தினான். மீதியை மடியில் செருகிக்கொண்டு ஓடினாள்.

வாயோரத்தில் பருக்கை ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். மடியை அவிழ்க்கச் சொன்னான்.

அவளைப் போலீஸ் லாரியில் ஏற்றும்போது கிராணி என்னிடம் கேட்டார்: "நீ சோதிச்சப்ப இது கண்ணுல படலையா?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "அக்கா பாக்கலைங்க. நான்தான் மறைச்சிட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு நாள் அவளுக்காகக் கண்ணை மூடியவள், அன்று எனக்காக மூடிக்கொண்டேன். லாரி கிளம்பும்வரை அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை.