ஸ்டெல்லாவுக்கு இரண்டு அட்டைகள்

நான் குடியிருக்கும் தெருவில் சுவர்களுக்கு முகம் கிடையாது. நார்வே நாட்டின் பெர்கன் ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்டத் திரும்பும்போது இன்றைக்கும் அது எனக்கு உறைக்கத்தான் செய்கிறது. வெள்ளைச் சுவர், பழுப்புச் சுவர், மறுபடி வெள்ளைச் சுவர். இங்கே யாருக்கும் காது குத்துவதில்லை, யாரும் வயசுக்கு வருவதில்லை, யாரும் சாவதுமில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனதே, அவர் வீட்டுத் தபால்பெட்டியில் வேறு பெயர் ஒட்டப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் அப்படி ஆகுமா? பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சிக்னல் வரைக்கும் நடந்தால் போதும், ஊர் நிலவரம் மொத்தமும் தெரிந்துவிடும். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு வயதுக் குழந்தை பிறந்தநாள் கொண்டாடும். தாய்மாமன்கள் வரிசையாகக் கும்பிடுவார்கள். அதற்கு அடுத்த கம்பத்திலேயே ஒருவர் நம்மை விட்டுப் பிரிந்திருப்பார்.

அந்த முகங்களில் பாதியை வெட்டியவன் நான். ஃபிளக்ஸ் தொழிலில் அதற்குப் பெயர் தலை வெட்டுதல். வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பும் படத்திலிருந்து தலையை மட்டும் கத்தரித்து, தேவைப்பட்டால் வேறு ஒருவரின் கோட்டு சூட்டில் பொருத்தி, வரிசையில் நிறுத்த வேண்டும். நானும் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் பாஸ்கரும் சேர்ந்து நடத்திய கடையில், மேல்மலையனூர் அமாவாசைக்கு அன்னதான பேனர் அடிக்கும் நாட்களில் நாற்பது தலைகூட வெட்டியிருக்கிறேன். மீன் ஆய்வகத்தில் என் மனைவி கவிதாவுக்கு வேலை கிடைத்து நாங்கள் பெர்கனுக்கு வந்ததும், நூலகத்தில் நடக்கும் மொழி வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் இங்கரீட், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நார்வேஜிய மொழியில், "தலை வெட்டினேன். ஒரு நாளைக்கு நாற்பது" என்றேன். இங்கரீட் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு "இன்டெரெஸ்ஸாந்த்" என்றார். சுவாரசியம் என்று பொருள். அவர் மெச்சுகிறார் என்று நினைத்து நான் ஐம்பது என்று திருத்தினேன்.

அதே இங்கரீட்தான் எனக்கு முதல் அட்டைப்பட வேலையைக் கொடுத்தவர். தன் சிறிய படகில் மீன் பிடிக்கப் போன அனுபவங்களை எழுதித் தானே புத்தகமாகப் போட இருந்தார். நான் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். நடுவில் இங்கரீட்டின் முகம், அவர் தலைக்குப் பின்னால் கதிர்வீசும் சூரியன், இரண்டு பக்கமும் மலை, கீழே துள்ளும் மீன்கள் மூன்று. பார்த்துவிட்டு, "இன்டெரெஸ்ஸாந்த். இதில் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா?" என்றார். மீனை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். சூரியனை எடுத்தேன், மலையை எடுத்தேன், கடைசியில் மனம் நொந்துபோய் அவரையே எடுத்தேன். சாம்பல் நிறத் தண்ணீரும் ஓர் ஓரத்தில் நகம் அளவுக்குப் படகும் மிச்சமிருந்தன. "இதுதான்!" என்று கைதட்டினார். கோபத்தோடு வீட்டுக்கு வந்து மறுபடி அதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. அன்றைக்கு என் கண்ணில் ஏதோ மாறிப்போனது. சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு அட்டை செய்வதே தொழிலாயிற்று. ஒரு கேமரா வாங்கி, இரண்டு மழைக்கு நடுவே வெளிச்சம் வரும் அரைமணி நேரத்தில் காலி பெஞ்சுகளைப் படம் பிடிப்பது பொழுதுபோக்காயிற்று.

போன வருடம் திண்டிவனத்திலிருந்து ஸ்டெல்லா மேரி என்பவரின் குரல்செய்தி வந்தது. பாஸ்கர்தான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். அனந்தபுரம் பக்கத்துக் கிராமங்களில் அவருடைய அம்மா லூர்தம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் உரிக்கவும் கூலிக்குப் போன காலத்தை எழுதியிருந்தார். 'அரைப்படி மல்லாட்டை' என்று தலைப்பு. படித்துவிட்டு இரண்டு நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. அட்டைக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணா, அட்டையில என் மூஞ்சி இருக்கணும். பின்னாடி இல்ல, முன்னாடி. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எம் பேர எம்மாம் பெருசா போட்டாலும் அது யாரு பேருன்னு அதுக்குத் தெரியாது. மூஞ்சி இருந்தாதான் எம் பொண்ணு எழுதுன பொஸ்தகம்னு தெருவுல எடுத்துக்கினு போயி காட்டும். இத்தினி வருசம் குனிஞ்சிக்கினே வேல செஞ்ச பொம்பள அண்ணா அது."

எழுதியவரின் முகத்தை முன்னட்டையில் போடுவது எனக்கு இப்போது பிடிப்பதில்லை. ஆனால் இந்தக் காரணத்துக்கு எதிராக என்ன பேச முடியும்? அந்தச் சமயம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். முதல் வேலையாகக் கேமராவோடு திண்டிவனம் போனேன். ஸ்டெல்லா பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு, சிரித்தபடி தயாராக நின்றார். சிரிக்க வேண்டாம் என்றேன். கேமராவைப் பார்க்கவும் வேண்டாம் என்றேன். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தாழ்ந்த பார்வையோடு ஒரு படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் மட்டும் விழுந்தது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிலும் தாராளமாக வெள்ளை விட்டு, மெல்லிய கறுப்புக் கோட்டுக்குள் அடக்கினேன். கீழே சிறிய எழுத்தில் 'ஸ்டெல்லா மேரி', அதற்கும் கீழே 'நினைவுகள்'. இங்கரீட்டுக்கு அனுப்பினேன். உலகத்தரம் என்று பதில் வந்தது. மாதிரிக்கு ஐந்து பிரதிகளைச் சென்னையிலேயே அச்சடித்து எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மதியம் திண்டிவனம் போய் இறங்கினேன்.

ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று போயிருந்தார். வீட்டில் லூர்தம்மா மட்டும். முதலில் அம்மா பார்க்கட்டுமே என்று எனக்கு ஆசை. இந்த மாதிரி நேரங்களில் என் முகம் தானாக உம்மென்று ஆகிவிடும், பாராட்டை எதிர்பார்க்கிறவனின் அடக்கம் அது. பேசாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கினார். பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஐயோ ஏசப்பா! காலையில நல்லாத்தான போச்சி எம் பொண்ணு! எங்கடா ஆச்சி? பஸ்ஸா? லாரியா?"

அவர் நெஞ்சில் அடித்துக்கொண்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்தார். கீழே கிடந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவரும் தலையில் கைவைத்து, "எப்ப ஆச்சி? பாடி எங்க இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். இல்லைம்மா, இது புத்தகம்மா என்று நான் திக்கித் திணறிக்கொண்டிருந்தபோது, தெருவில் ஆட்கள் சேர்வதைப் பார்த்து ஸ்டெல்லா பதறியடித்து உள்ளே ஓடிவந்தார். "யாருக்கு இன்னா ஆச்சி?" என்றார், கையில் பால் பாக்கெட்டோடு.

அடுத்த ஐந்து நிமிடம் அந்த வீட்டில் நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. லூர்தம்மா மகளைக் கட்டிப்பிடித்து அழுதார். எதிர்வீட்டு அம்மாள் கூடவே அழுதார். ஸ்டெல்லா அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கறுப்பு வெள்ளை, தனி முகம், கறுப்புக் கட்டம், கீழே பெயர். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். நூற்றுக்கணக்கில் நானே செய்த வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த எவனோ ஒருவன் இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் செய்யலாமா?

லூர்தம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "இத எடுத்துக்கினு போயிடு தம்பி. இத புடிச்சிக்கினு நான் தெருவுல போனா, எல்லாம் மாலய தூக்கிக்கினு வூட்டுக்கு வந்துடுவாங்க." ஸ்டெல்லாவின் சிரிப்பு அங்கே நின்றுபோனது. அவர் என்னிடம் கோபப்படவில்லை. "உடுங்கண்ணா, பரவால்ல. பேரு மட்டும் போட்டு முடிச்சிடுங்க" என்றார். அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. அடுத்த வார ஞாயிறு பள்ளிக்கூட ஹாலில் வெளியீடு. அம்மா கையில் எடுத்துக்கொண்டு போக ஒரு புத்தகம் வேண்டும் என்றுதான் அவர் எழுதவே தொடங்கினார். அதை நான் கெடுத்துவைத்திருந்தேன்.

அங்கிருந்து நேரே பஸ் ஏறி விழுப்புரம் பாஸ்கர் கடைக்குப் போனேன். புத்தகத்தைக் கையில் வாங்கியவன் அட்டையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாவம், சின்ன வயசு. எப்ப எடுக்கறாங்க?" என்றான். நடந்ததைச் சொன்னேன். கடைக்கு வந்திருந்த வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டுவைத்துச் சிரித்தான்.

"டேய், இந்த ரூல எனக்குச் சொன்னதே நீதானடா. மொகம் தனியா நின்னா செத்தவன், கூட பத்து மொகம் நின்னா தலைவருன்னு. அங்க போயி மழையில நனைஞ்சி எல்லாம் ஊறிப்போச்சா?"

"நாளைக்கே வேற படம் எடுக்கறேன். நீ ராத்திரிக்குள்ள பிரஸ்ஸுக்கு அனுப்பிடுவியா?"

"அனுப்பறேன். பின்னாடி ஒரு ஒளிவட்டம் குடுக்கட்டா? ஓரத்துல ரெண்டு ரோஜாப்பூ?"

ஒளிவட்டம் கிடையாது என்றேன். ரோஜாப்பூவும் கிடையாது. வேண்டுமானால் எழுத்தை மஞ்சளில் பெரிதாகப் போட்டுக்கொள் என்று இறங்கிவந்தேன்.

மறுநாள் ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து அம்மாவும் மகளும் வந்ததும் படம் எடுக்க உட்கார்ந்தோம். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்காதே என்று முதலில் சொன்னவனே இப்போது சிரி என்றால் எப்படி வரும்? லூர்தம்மாவுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. முறத்தில் மல்லாட்டையைக் கொட்டி உரிக்க ஆரம்பித்தார். உரித்துக்கொண்டே என்னிடம் பேசினார். "இது ஆறு வயசுல என்கூட களத்துக்கு வரும் தம்பி. உரிக்கறதுக்கு ஒக்காருவா, ஒன்னு மொறத்துக்கு, ரெண்டு வாய்க்கு. மேஸ்திரி வந்து வாயத் தொறன்னா தொறக்கவே மாட்டா. கன்னம் ரெண்டும் போண்டா மாதிரி இருக்கும். 'பல்லு வலி சார்'னு நான் சொன்னேன். அந்த ஆளு நம்பி, கிராம்பு வாங்கிக்கினு வந்து குடுத்தாரு!" முறத்திலிருந்து எடுத்து மென்றுகொண்டிருந்த ஸ்டெல்லா வாயில் மல்லாட்டையோடு வெடித்துச் சிரித்தார். கண் மூடிப்போயிற்று, உதட்டில் சிவப்புத் தொலி ஒட்டியிருந்தது, முன்பல்லின் இடைவெளி தெரிந்தது. நான் அமுக்கினேன். படத்தின் ஓரத்தில், அடுத்த காயை உடைக்கப்போகும் லூர்தம்மாவின் கையும் விழுந்திருந்தது. பழைய பழக்கத்தில் அதை வெட்டப் போனவன், வெட்டாமல் விட்டேன். முகத்தை அட்டை முழுக்க நிரப்பினேன். காலி இடம் ஒரு விரல்கடைகூடக் கிடையாது.

வெளியீட்டு அன்று லூர்தம்மா மேடைப் பேச்சு எதையும் கேட்கவில்லை. முதல் பிரதியை வாங்கியதும் இறங்கிப் போய்விட்டார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். டீக்கடை, தையல்கடை, நின்றுகொண்டிருந்த ஷேர் ஆட்டோ, ஒன்றையும் விடவில்லை. புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே, முகம் வெளியே தெரியும்படி பிடித்திருந்தார். "எம் பொண்ணு எழுதுனது. இது எங்கையி" என்று ஓரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்தத் தெருவில் நான் எடுத்த படங்கள் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

வெள்ளை அட்டைப் பிரதிகள் ஐந்தையும் எரித்துவிடச் சொல்லியிருந்தார் லூர்தம்மா. நாலை எரித்தேன். ஒன்றைத் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெர்கனுக்குக் கடத்திவந்தேன். நல்ல வேலை சார் அது, மனசு வரவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். இங்கரீட் வரும்போது முன்பக்கம் தெரியும்படி வைப்பேன். திண்டிவனத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் திருப்பி வைத்துவிடுவேன். போன ஞாயிறு காலை இரண்டும் ஒன்றாக வந்தன. இங்கரீட் சோபாவில் காபியோடு இருந்தபோது, போனில் லூர்தம்மா. நான் எழுந்து அலமாரிக்குப் போவதற்குள், நல்லது செய்வதாக நினைத்து இங்கரீட் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்து, "வக்கெர்! வக்கெர்!" என்றார். அழகு, அழகு என்கிறார்.

லூர்தம்மா ஒரு நொடி உற்றுப் பார்த்தார். எழுந்து போனார். திரும்பி வந்து, மஞ்சள் எழுத்துப் புத்தகத்தைத் தன் பக்கத்துக் கேமராவில் அப்படியே ஒட்டிப் பிடித்தார்.

"அந்த வெள்ளக்காரம்மா கிட்ட சொல்லு தம்பி. எம் பொண்ணு நல்லா இருக்குது. தோ, சிரிச்சிக்கினு இருக்குது."

நான் மொழிபெயர்த்தேன். "அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்கிறார்." இங்கரீட் குழம்பிப்போய், "ஏன், யார் இறந்தது?" என்றார். ஆனாலும் புத்தகத்தை இறக்கவில்லை. அந்தப் பக்கம் லூர்தம்மாவும் இறக்கவில்லை. திரை முழுக்கச் சிரிக்கும் ஸ்டெல்லா, மூலையில் உள்ள சின்னக் கட்டத்தில் தலைகுனிந்த ஸ்டெல்லா. ஆளுக்கொரு மொழியில் இரண்டு பேரும் தங்கள் புத்தகம்தான் அழகு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேருக்கும் நான் தலையாட்டினேன், இரண்டும் மனசாரத்தான். ஆனால் புத்தகங்களுக்குப் பின்னால் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

"தம்பி, நீ எங்க இருக்கற?" என்றது லூர்தம்மாவின் குரல், புத்தகத்துக்குப் பின்னாலிருந்து. "ஒன்னக் காணோமே?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்றேன்.