இரட்டைச் சம்பளக்காரர்

தீயணைப்பு வண்டி டிரைவர் இரண்டு சம்பளம் வாங்குகிறார் என்ற செய்தி முடிதிருத்தும் கடையில் கிளம்பி, மருந்துக்கடையைத் தாண்டுவதற்குள் கைகால் முளைத்து, பேருந்து நிலையத்தை எட்டியபோது அவருக்கு ஒரு மாடிவீடே கட்டிக் கொடுத்திருந்தது. சும்மா சொல்லவில்லை, ஆதாரமும் காட்டினார்கள். மூன்று நாளில் இரண்டு நாள் ஆள் நிலையத்திலேயே கிடக்கிறார். காலையில் வருகை எடுக்கும்போது இரண்டு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" சொல்வது இவர் ஒருவரே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

விசாரித்துப் பார்த்ததில் பாதி உண்மை. இரண்டு பேர் வேலையை அவர் பார்த்தது நிஜம். சம்பளம் ஒன்றுதான். மாடிவீடும் நிஜம்தான், வாடகைக்கு. குளியலறைக் கதவை முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் மூடும்.

இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரர், இவருக்கு முந்தைய ஷிப்ட் டிரைவர். நாலைந்து வயது மூத்தவர், ஆகவே அண்ணன். ஒரு முழுநாள் டூட்டி, இரண்டு நாள் ஓய்வு என்பது அங்கே முறை. பல வருஷமாக இருவரும் சேர்ந்து கழித்த நேரம், காலையில் வண்டிச் சாவி கைமாறும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமே. விடிய விடியத் தீயோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும் டேங்க்கை நிரப்பி, ஹோஸைச் சுருட்டி, டயரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் அண்ணன் சாவியை நீட்டுவார். தண்ணீர் குறைந்த வண்டியை ஒருநாளும் ஒப்படைத்ததில்லை. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை தெரியாது.

பிறகு அண்ணனின் நெஞ்சு கெட்டது. படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு மாதம் வேலை பார்த்தாக வேண்டும். அதற்குள் வேலைப் பட்டியலிலிருந்து பெயர் எடுபட்டால், கட்டிய பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவருக்குப் பின்னால் அண்ணிக்கும் ஒன்றும் கிடையாது.

மாநிலம் ஒன்றுதான், ஆனால் தீயணைப்புத் துறை ஊருக்கு ஒன்று. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் சம்பளம் ஒன்றரை மடங்கு. அங்கே தீயணைப்பவருக்கு நெஞ்சு நோய் வந்தால், வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொண்டு சம்பளத்தோடு படுக்க விடுகிறார்கள். இந்தப் பக்கம், எந்தத் தீயின் புகை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். புகை என்ன ரசீது கொடுத்துவிட்டா உள்ளே போகும்? எல்லையோரக் கிடங்கு ஒன்று எரிந்தபோது இரண்டு ஊர் வண்டிகளும் போயிருந்தன. இந்த ஊர் ஹோஸும் அந்த ஊர் ஹோஸும் கச்சிதமாகப் பொருந்தின. எல்லாரும் ஒரே புகையைத்தான் விழுங்கினார்கள். யார் நெஞ்சுக்கு என்ன விலை என்பதைப் பாலம் முடிவு செய்தது.

விதிகளில் ஒரே ஒரு சந்து இருந்தது. ஒரே பதவியில் உள்ளவர்கள் டூட்டியை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் நாளை மற்றவர் பார்த்தால், உரியவரே வந்ததாகக் கணக்கு. எத்தனை நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்று எழுதவில்லை. இப்படி ஒருத்தன் வந்து முளைப்பான் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. நிலைய அதிகாரி கையெழுத்துப் போடும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பாலத்துக்கு அந்தப் பக்க வேலை டிரைவருக்குக் கிடைத்தது. மனைவி மனசுக்குள் அந்த ஊரில் வீடு பார்த்து, திரைச்சீலைகூட மாட்டிவிட்டிருந்தாள். சேர வேண்டிய தேதி போன பிறகுதான், தான் போய்ச் சேரவில்லை என்ற விஷயத்தை இவர் சொன்னார். அவள் கத்தவில்லை. தட்டு மட்டும் கொஞ்சம் பலமாக வந்து உட்கார்ந்தது.

"நமக்கு ரெண்டு சம்பளமாமே, ஊரே பேசுது. அந்த இன்னொண்ணை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அண்ணிக்கு..." என்று இழுத்தார்.

"தெரியும்," என்றாள்.

மறுநாள் அவர் பையில், கேட்காமலே, இரண்டு நாளைக்கான உடுப்பு மடித்து வைத்திருந்தது.

மாதங்கள் ஓடின. தூக்கம் கெட்டு, சொந்த ஸ்கூட்டரில் பச்சை விளக்குக்கு நின்று ஊரிடம் வசவு வாங்கினார். ஓய்வு நாளில் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் அண்ணனின் பெயரைக் கூப்பிட்டாள். பழக்க தோஷம். "உள்ளேன் ஐயா" என்று இவர் விறைத்து எழுந்து நின்றார். கூடமே திரும்பிப் பார்த்தது.

அண்ணன் அவர் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"நீ உக்காரு தம்பி. இந்த டூட்டியை நானே பாத்துக்கறேன்."

எட்டாவது மாதம் முடிந்தது. அண்ணனின் ஓய்வூதியம் உறுதியானது. அவருக்குப் பின் அண்ணிக்கும் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ சேர்ந்தாயிற்று. இனி விண்ணப்பிக்க இவருக்கு வயசும் தாண்டிவிட்டது.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம். யாருக்கு யார் எத்தனை டூட்டி தரவேண்டும் என்று வண்டி நிற்கும் கூடத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால், அவர் பெயருக்கு நேரே உள்ள கோடுகளைக் கடன் கொடுத்தவரே அழிக்க வேண்டும். அழித்தால் அந்த ஆள் இனி நிலையத்துக்கு இல்லை என்று அர்த்தம். அண்ணன் பெயருக்கு நேரே கோடுகள் கதவுவரை போயிருந்தன. டிரைவர் ஈரத்துணியோடு போய் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கடைசிக் கோட்டுக்கு வந்ததும் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார். அதையும் துடைக்கச் சொன்ன அதிகாரியிடம், இருக்கட்டும் சார் என்றதோடு சரி.

செய்தி அண்ணன் காதுக்கு எட்டியது. அடுத்த முறை பார்க்கப் போனபோது, படுக்கையில் சாய்ந்தபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு இன்னும் நிக்குதாமே?"

"ஆமா."

"அழிச்சிடுப்பா. நான் எங்க வந்து..."

"அதெல்லாம் முடியாதுண்ணே. நீங்க வந்து பாத்துத்தான் தீக்கணும்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார், இருமல் முந்திக்கொண்டது. அது அடங்க நேரமாயிற்று. அடங்கியதும், தம்பிக்கு எந்தக் கிழமை சௌகரியம் என்று விசாரித்தார். டிரைவர் வெகுநேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, இந்த வாரம் வேண்டாம் என்றார்.